ஏசிக்குக் காஸ் அடிப்பதா, ஓட்டையை அடைப்பதா?

கச்சான் காற்று எழும்பிவிட்டால் எமது திருகோணமலையில் மின்சாதனக் கடைக்காரனுக்கு ஓய்வு கிடையாது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மழையையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, ஹபரணை, கந்தளாய் வெளிகளைக் கடந்து எம்மிடம் வந்து சேரும்போது ஈரம் வற்றி அனலாகிவிடுகின்றது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை நண்பகலில் உட்துறைமுக வீதியில் நடப்பதும் அடுப்புக்கு முன்னால் நிற்பதும் ஒன்றுதான். இந்த மாதங்களில் கடைக்கு வருபவர்களில் பலர் சொல்வது ஒரே பேச்சு: "ஹாஜியார், ஏசி கூல் இல்ல. காஸ் முடிஞ்சிட்டு. ஒரு ஆள அனுப்புங்க, காஸ் அடிக்கணும்."

காஸ் முடிந்துவிட்டது என்ற இந்த ஒரு வார்த்தையால் எமது மக்கள் வருடாவருடம் இழக்கும் பணத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத நினைத்தேன். நானும் ஏசி விற்பவன்தான். ஆனாலும் வாடிக்கையாளர் விளங்கி வாங்கினால்தான் வியாபாரம் நிலைக்கும் என்பது என் எண்ணம்.

மோட்டார் சைக்கிளுக்கு பெற்றோல் தீர்வதுபோல ஏசிக்குக் காஸ் தீர்வதில்லை. கம்ப்ரஸர், அவுட்டோரில் உள்ள கொயில், இண்டோரில் உள்ள கொயில், இவற்றை இணைக்கும் செப்புக் குழாய் என்று எல்லாம் அடைக்கப்பட்ட ஒரே வட்டம். உள்ளே இருக்கும் காஸ் அறையின் சூட்டை உறிஞ்சி ஆவியாகும். கம்ப்ரஸர் அதை அழுத்தி வெளியே அனுப்பும். வெளிக் கொயிலில் சூட்டைக் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகி உள்ளே வரும். இது எரிபொருள் அல்ல, சூட்டைச் சுமக்கும் கூலியாள். வட்டத்தில் ஓட்டை இல்லாவிட்டால் பத்து, பதினைந்து வருடமானாலும் போட்ட காஸ் போட்டபடியே இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை விட்டுவிட்டுக் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

கிண்ணியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று வருடத்தில் நான்கு முறை காஸ் அடித்துவிட்டு, "மெஷினை மாற்றிவிடலாமா?" என்று கேட்டு வந்தார். நல்ல மெஷின், மாற்றத் தேவையே இல்லை. தெரிந்த ஒரு தம்பியை அனுப்பினேன். அவர் குழாயினுள் நைதரசனை அழுத்தமாக நிரப்பி, இணைப்புகளில் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தார். அவுட்டோரின் பக்கத்தில் இருக்கும் பித்தளை நட்டில் நுரை கொப்பளித்தது. செப்புக் குழாயின் வாயை விரித்துப் பூட்டும் அந்த இடத்தை முதலில் பொருத்தியவர் சரியாக விரிக்கவில்லை. வாயை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்ட அரை மணித்தியாலம் பிடித்தது. அந்த ஆசிரியர் நான்கு முறையும் கொடுத்த காசை நான் இங்கே எழுதவில்லை, அவருக்கே அது கவலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூல் இல்லை என்றவுடன் காஸ் குறைவு என்று முடிவெடுப்பதே தவறு. இண்டோரில் உள்ள வடிகட்டி வலையில் தூசி அடைத்தாலும் காற்று வராது, கூலும் இராது. கொயிலில் ஐஸ் கட்டியிருந்தால் வலை அடைத்திருக்கலாம், காஸும் குறைந்திருக்கலாம். எது என்று அழுத்தமானியை வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வலையைக் கழற்றிக் கழுவுவதற்கு ஒருவரையும் கூப்பிட வேண்டியதில்லை. பிள்ளைகள்கூடச் செய்யலாம். மாதத்துக்கு இருமுறை கழுவினால் போதும்.

எமது ஊருக்கென்று தனி வியாதி ஒன்றும் உண்டு. திருகோணமலை நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சு பே, வடக்கே பேக் பே. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அதில் உப்பு இருக்கிறது. அவுட்டோரில் செப்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரிக்கும். கண்டியில் பத்து வருடம் நிற்கும் மெஷின் நிலாவெளிக் கடற்கரையில் நான்கு வருடத்தில் பப்படம்போல நொறுங்குவதை நான் கண்டிருக்கிறேன். கையால் தொட்டால் தகடு பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, சூடு வெளியேறாவிட்டால் கம்ப்ரஸர் மூச்சுத் திணறி ஓடும், மின்பட்டியல் ஏறும், ஒருநாள் கம்ப்ரஸரே நின்றுவிடும். இதற்கும் "காஸ் குறைவு" என்றுதான் பெயர் வைக்கிறார்கள்!

வைத்தியம் எளியது. பிரேக்கரை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை அவுட்டோரை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். எங்கள் பகுதியில் பல கிணறுகள் உவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை நாமே பூசியதாகிவிடும். வாகனம் கழுவும் இயந்திரத்தால் ஓங்கி அடித்தால் தகடு மடங்கிவிடும், அதுவும் வேண்டாம். புதிதாக வாங்குபவர்கள் தகட்டில் நீலம் அல்லது பொன்னிறப் பூச்சு உள்ளதா என்று பாருங்கள். பூச்சு உப்பைத் தடுத்துவிடாது, தாமதப்படுத்தும். கடல் நேரே தெரியும் சுவரில் அவுட்டோரை மாட்டாமல் வீட்டின் மறைவுப் பக்கத்தில் மாட்டலாம். தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து மெஷின் கீழே விழுந்த வீடும் உண்டு. நல்ல வேளை, கீழே ஆள் இருக்கவில்லை. சட்டத்துக்கு நாகம் பூசிய இரும்பையோ எவர்சில்வரையோ கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்கு ஏசி வேலைக்குப் போவதென்றால் சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாதையில்தான் கடக்க வேண்டும். ஏசியும் அன்று குறைவு; வங்கி, ஒருசில கடைகள், வைத்தியர்களின் வீடுகள், அவ்வளவுதான். யுத்தம் முடிந்து பாலமும் வந்த பின்னர் நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் பெருகின; வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வீடுகளுக்கும் வாங்கினார்கள். ஏசி பெருகிய வேகத்தில் வேலை தெரிந்தவர்கள் பெருகவில்லை. ஸ்குரூ ட்ரைவரும் துளையிடும் இயந்திரமும் உள்ளவரெல்லாம் ஏசி பாஸ் ஆகிவிட்டார்.

ஒருவருக்கு வேலை தெரியுமா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். அவரிடம் வெற்றிடப் பம்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் பூட்டியதும் உள்ளே சாதாரணக் காற்று இருக்கும், காற்றில் ஈரம் இருக்கும். அதைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுக்காமல், சிறிது காஸைத் திறந்துவிட்டு "காற்று போயிட்டு" என்பது பலரின் வழக்கம். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயுடன் சேர்ந்து காலப்போக்கில் அமிலமாகி உள்ளே உள்ள செப்புச் சுருளைத் தின்றுவிடும். இரண்டு வருடத்தில் கம்ப்ரஸர் எரிந்தால் கம்பனியைத்தான் திட்டுவோம். பம்பு அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். அந்த நேரம் அவருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து உட்கார வையுங்கள். அவசரப்படுத்துபவர்கள் வீட்டுக்காரர்களாகவே பல இடங்களில் இருக்கிறார்கள்.

இனி காஸின் வகை. இது உயிர் சம்பந்தப்பட்டது, கவனமாக வாசியுங்கள். பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தை அரிக்கும் காஸ் என்பதால், 1987இல் செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் இதை உலகமே கைவிட்டு வருகின்றது. எம்மைப் போன்ற வளர்முக நாடுகளுக்கு 2013இல் வரம்பு கட்டினார்கள். 2025இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைத்தாக வேண்டும் என்பது விதி. 2030இலிருந்து பழைய மெஷின்களைத் திருத்துவதற்கான மிகச் சிறிய அளவைத் தவிர எதுவும் இல்லை. ஆகவே ஆர்-22 வருடத்துக்கு வருடம் அருமையாகும், விலையும் ஏறும்.

அதற்குப் பின்னர் வந்தது ஆர்-410ஏ. இதன் அழுத்தம் ஆர்-22ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல். எண்ணெயும் வேறு. பழைய மெஷினில் இதை அடைக்க முடியாது. இப்பொழுது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32. பூமியைச் சூடாக்கும் தன்மை ஆர்-410ஏயில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இலேசாகத் தீப்பற்றக் கூடியது. ஒழுங்காகப் பொருத்தினால் பயப்படத் தேவையில்லை. காஸ் உள்ளே இருக்கும்போதே குழாயில் நெருப்பு விளக்கைப் பிடித்து ஒட்ட வைப்பவரைத்தான் பயப்பட வேண்டும். காஸை மீட்டெடுத்து, நைதரசனை ஓடவிட்டு, அதன் பிறகே நெருப்பு வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட மோசமானது, ஆர்-22 விலை கூடிவிட்டதென்று பழைய மெஷினுக்கு புரொப்பேன் வகைக் காஸையோ, அதைவிடக் கொடுமையாக சமையல் எரிவாயுவையோ அடைப்பது. கூல் நன்றாகத்தான் வரும், அதிலும் சந்தேகமில்லை. ஏனென்றால் புரொப்பேன் நல்ல குளிரூட்டி. அதற்கென்றே வடிவமைத்த மெஷின்களில் அளவாக அடைத்துப் பாவிக்கிறார்கள். ஆனால் பழைய மெஷினின் சுவிட்ச்கள் தீப்பொறி பறக்கக் கூடியவை. யன்னலை அடைத்துக்கொண்டு பிள்ளைகள் படுத்திருக்கும் அறையில் அது கசிந்தால் என்ன நடக்கும்? 2021ஆம் வருடக் கடைசியில் நாட்டில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளை நாம் மறந்துவிடவில்லை. அடைப்பவரிடம் "என்ன காஸ்?" என்று கேளுங்கள். சிலிண்டரில் எழுதியிருப்பதையும் மெஷினில் ஒட்டியிருப்பதையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வேலையை நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் பழையதைத் திருத்துவதா, புதிது வாங்குவதா? கடைக்காரனிடம் கேட்டால் புதிது வாங்கு என்றுதான் சொல்வான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே முடிவெடுங்கள்.

பன்னிரண்டாயிரம் பிரிடியூ பழைய ஏசி ஒன்று ஓடும்போது ஏறக்குறைய 1.2 கிலோவாட் இழுக்கும். இரவில் எட்டு மணித்தியாலம் பாவித்தால், இடையிடையே கம்ப்ரஸர் நிற்பதைக் கழித்து, 7 அலகு என்று வையுங்கள். மாதம் 210. இன்வெர்ட்டர் வகை அறை குளிர்ந்ததும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் 4 அலகளவில் முடித்துவிடும். மாதம் 120. குளிர்சாதனப் பெட்டி, விசிறி, தண்ணீர் மோட்டார், விளக்கு எல்லாமாக வீட்டுக்கு 90 அலகு என்றால், பழைய ஏசியுடன் மொத்தம் 300, புதியதுடன் 210. வித்தியாசம் 90 அலகு என்று மட்டும் பார்க்காதீர்கள். வீட்டு மின்கட்டணத்தில் 180ஐத் தாண்டிய ஒவ்வோர் அலகுக்கும் உச்ச விலை. பழையது 120 அலகைத் தாண்ட வைக்கின்றது, புதியது 30ஐத்தான் தாண்ட வைக்கின்றது. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் கூடியபோது எத்தனை வீடுகளில் ஏசி சுவரில் அலங்காரப் பொருளாக மாறியது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதன் பின்னர் குறைத்தார்கள், 2025 ஜூனில் 15 வீதம் மீண்டும் கூட்டினார்கள். இது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

என் அபிப்பிராயம் இது. மெஷினுக்கு ஏழு, எட்டு வயதாகி, ஆர்-22ஆகவும் இருந்து, கொயில் உதிரத் தொடங்கிவிட்டால் அதற்கு மேலும் காசைக் கொட்டாதீர்கள். நட்டில் கசிவு, கெப்பாசிட்டர் பழுது, விசிறி மோட்டார் போன்ற சிறு குறை என்றால் திருத்துங்கள். தினமும் ஓடும் அறைக்குத்தான் இன்வெர்ட்டர் இலாபம். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கும் அறைக்குப் பழையதே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஏசிக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும். லண்டனில் இருக்கும் என் மச்சானின் மகன் சென்ற வருடம் பேசும்போது, வீட்டைச் சூடாக்க காஸ் பொயிலரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடப்போவதாகச் சொன்னார். அங்கே அரசாங்கம் அதற்கு 7,500 பவுண் வரை உதவி கொடுக்கின்றது. என்ன மெஷின் என்று விசாரித்தால், நம்முடைய ஏசிதான்! திருப்பி ஓட்டுகிறார்கள், வெளியே உள்ள குளிர்காற்றிலிருந்தும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள்ளே கொட்டுகின்றது. எனக்கு அதைவிட ஆச்சரியம் தந்தது வேறு. மெஷின் போடுவதற்கு முன்னால் கூரைக்குள் பஞ்சு விரித்து, யன்னல் இடுக்குகளை அடைத்து, வீட்டிலிருந்து சூடு எவ்வளவு ஒழுகுகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். பனிக்கு அஞ்சும் அவர்கள் சூடு வெளியே போகாமல் பார்க்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சும் நாம் சூடு உள்ளே வருவதைப் பற்றி நினைப்பதேயில்லை.

டொக்யார்ட் வீதிப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களைப் பாருங்கள். உயர்ந்த கூரை, ஓடு, தடித்த சுவர், சுற்றிவர விறாந்தை. கச்சானிலும் உள்ளே இருக்கலாம். நாம் இன்று கட்டுவது தாழ்ந்த தட்டைக் கொங்கிரீட் அல்லது வெறும் தகடு. மாலை ஆறு மணிக்குத் தட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் கை சுடும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது நள்ளிரவு வரை அறைக்குள் கக்கும். அதை எதிர்த்துத்தான் உங்கள் ஏசி ஓடுகின்றது. தட்டின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு, தகட்டுக் கூரையின் கீழ் அலுமினியத் தாள் ஒட்டிய மெத்தையும் சீலிங்கும், மேற்குச் சுவருக்குப் பந்தலோ ஒரு வேப்பமரமோ, இவற்றுக்குப் பிறகு ஏசி பாதி உழைப்பிலேயே அறையைக் குளிர்த்துவிடும். சில வீடுகளுக்கு ஏசியே வேண்டாம், விசிறி போதும். பழைய சீலிங் விசிறி 70 வாட் அளவில் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி மோட்டார் விசிறிக்கு 30, 35 வாட் போதும்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரைப் பற்றியும் கேட்கிறார்கள். வறண்ட கச்சானில் யன்னலைத் திறந்து வைத்துப் பாவித்தால் ஓரளவு சுகம். கதவை மூடிக்கொண்டால் அறை வேர்த்துக் கொட்டும். வாடைக் காலத்தில் அதை மூலையில் வைத்துவிடுங்கள்.

எமது இளைஞர்களுக்கு இதில் வேலை கொட்டிக் கிடக்கின்றது. மூதூர், கிண்ணியா, நகரம் என்று எங்கும் ஏசி இருக்கின்றது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தின் ஐஸ், குளிரறைகளும் இதே தொழில்தான். கட்டார், சவூதிக்குப் போகும் பிள்ளைகள் கைவேலை தெரிந்தும் ஒரு தாள் இல்லாததால் உதவியாளராகவே காலம் தள்ளுகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் குளிரூட்டித் துறையில் என்.வீ.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கின்றது. ஏற்கெனவே வேலை செய்பவர்கள் வகுப்பில் உட்காராமல், தாம் செய்யும் வேலையைக் காட்டியே மதிப்பீட்டின் மூலம் பெறும் முறையும் உண்டு. ஆர்-32 காலத்தில் இது ஆசைக்கு எடுக்கும் தாள் அல்ல. நெருப்புப் பற்றும் காஸைத் தெரியாத கையில் கொடுக்க முடியாது.

கடைசியாக மஸ்ஜித் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். ஜும்ஆவுக்கு முந்நூறு பேர் கூடினால் அவர்களின் உடற்சூடே ஆளுக்கு 100 வாட் கணக்கில் 30 கிலோவாட். அதை மட்டும் இறக்க ஓர் இலட்சம் பிரிடியூ, அதாவது பன்னிரண்டாயிரம் அளவில் எட்டு, ஒன்பது மெஷின்கள் வேண்டும். கூரையும் திறந்த கதவுகளும் கொண்டுவரும் சூடு வேறு. நான்கு ஏசியை மாட்டிவிட்டுக் குத்பா தொடங்கியதும் திறந்தால் எப்படிக் கூல் வரும்? அரை மணித்தியாலம் முன்பே ஓடவிட்டு, சனம் வரும்வரை கதவைச் சாத்தி வையுங்கள், அல்லது ஏசிக்குப் பதிலாகப் பெரிய விசிறிகளையும் மேலே சூடு வெளியேறும் வழியையும் யோசியுங்கள். 2022இல் வணக்கஸ்தலங்களின் மின்கட்டணம் ஏறியபோது பட்ட பாடு நினைவிருக்கும். இந்திய உதவியில் ஐயாயிரம் வணக்கஸ்தலங்களுக்குக் கொடுத்த கூரைச் சூரியத் தகடுகள் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டன. சொந்தமாகப் போட நினைக்கும் மஸ்ஜித்களுக்கும் கணக்குச் சாதகமானது, ஏனென்றால் வெயில் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஜும்ஆ நேரமும் ஒன்றுதான்.

புதிதாக ஏசி போட விலை கேட்டு எழுதும்போது நான்கு வரியைச் சேர்த்துவிடுங்கள்: காஸின் பெயர், வெற்றிடப் பம்பு பாவிக்கப்படும் என்ற உறுதி, பொருத்துபவரின் சான்றிதழ் இலக்கம், கசிவுக்கு ஒரு வருடப் பொறுப்பு. இந்த நான்கையும் எழுதிக் கையொப்பமிட மறுப்பவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததைப் பிரியுங்கள். என் கடைக் கடிதமாக இருந்தாலும் சரி.